மைனஸ் ஒன்னில் அவள் குரல்

அவளை அடக்கம் செய்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவளுடைய ஒரே மகள் கிள்ளானில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து, சோபாவின் நுனியில் உட்கார்ந்து, கைப்பேசியில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினாள். "இது மம்மி குரல்தானே ஆன்டி?" என்று கேட்டாள். அது என் குரல். நான் "ஆமாம்மா" என்றேன்.

பொய் சொல்வது எனக்குப் புதிதல்ல. ஆனால் இவ்வளவு சுலபமாக வாயில் வரும் என்று நினைக்கவில்லை. அந்தப் பெண் அழுதழுது முகம் வீங்கிப்போய் வந்திருந்தாள். அம்மாவின் அலமாரியில் கிடைத்த, நாங்கள் சேர்ந்து பாடிய பழைய சிடியை யாரிடமோ கொடுத்துக் கைப்பேசியில் ஏற்றியிருக்கிறாள். வேலைக்குப் போகும்போது ரயிலில் அதைத்தான் கேட்கிறாளாம், படுக்கும்போதும் காதில் மாட்டிக்கொள்கிறாளாம். "எவ்ளோ அழகா பாடியிருக்காங்க பாருங்க ஆன்டி," என்றாள். என் ஐம்பத்திரண்டு வயதில் யாரும் என்னை இவ்வளவு வலிக்கும்படி பாராட்டியதில்லை.

நாற்பதாம் நாள் பூசை முடிந்து சர்ச் ஹாலில் எல்லாருக்கும் சாப்பாடு கொடுக்கிறார்கள். அப்போது அம்மாவின் படங்களைத் திரையில் காட்டி, இந்தப் பாட்டை ஓடவிடப் போவதாகச் சொன்னாள். அவளுக்கு இரண்டு வயதாகும்போதே அம்மாவின் குரல் போய்விட்டது. அம்மா என்றால் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தொண்டையில் உரசிக்கொண்டு வரும் அந்தக் காற்றுப் பேச்சுதான். தன் தாய் ஒரு காலத்தில் பாடினாள் என்பதை ஊருக்குக் காட்ட வேண்டும், அதற்கும் முன்னால் தான் ஒரு தடவை கேட்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்கு நான் என் குரலைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நாங்கள் மூன்று பேர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் கணினி வகுப்புக்குப் போன இடத்தில் பழக்கம். நான் கிள்ளான் பெண், கோயில் திருவிழா மேடைகளில் சினிமாப் பாட்டுப் பாடிப் பெயர் வாங்கியவள், அதனால் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இன்னொருத்தி நன்றாக ஆடுவாள். அவள் கல்யாணமாகி ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டாள், இங்கே அவளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்றாமவள்தான் இவள். கத்தோலிக்கக் குடும்பம். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை, ரயில்வே குவாட்டர்ஸில் வீடு. எட்டு வயதிலிருந்து சர்ச் பாடகர் குழுவில் ஆல்ட்டோ வரிசையில் நின்றவள்.

ஆல்ட்டோ என்றால் என்ன என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. பாட்டு என்றால் ஒரு மெட்டு, அதைத் தனியாகவும் பாடலாம், சேர்ந்தும் பாடலாம், என் படிப்பு அவ்வளவுதான். முதன்முதலில் சேர்ந்து பாடியபோது அவள் என் மெட்டை விட்டுவிட்டு அதற்குக் கீழே வேறெதையோ பாடினாள். தப்பாகப் பாடுகிறாள் என்று நினைத்து நான் பாட்டை நிறுத்திவிட்டேன்.

"நிறுத்தாத லா. நீ பாட்டுக்குப் போய்க்கிட்டே இரு. நான் கீழ வரேன்," என்றாள்.

மறுபடி பாடினேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. தனியாகப் பாடும்போது மெலிந்து தெரியும் இடங்களெல்லாம் நிறைந்துவிட்டன. இவளை விடக்கூடாது என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். அன்பினால் என்று சொல்ல ஆசைதான். உண்மையில், அவள் பக்கத்தில் இருந்தால் நான் நன்றாகப் பாடுவதுபோல் இருந்தது, அதனால்தான்.

குவாட்டர்ஸில் அவர்கள் வீட்டு முன்னறையில்தான் பயிற்சி. பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில் போகும். சத்தத்தில் ஒன்றும் கேட்காது, பாட்டை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். ரயில் போனதும் நானும் மற்றவளும் சுருதியைத் தேடுவோம். அவள் தேட மாட்டாள். ஒரு விரலால் ஒரு காதை அடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலேயே, விட்ட சுருதியிலேயே நிற்பாள். ஒரு நாள்கூடப் பிசகியதில்லை. எனக்கு அதில் பொறாமை உண்டு, அதைக் கிண்டலாக மாற்றி "ரயில்வே சிக்னல்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் சிரித்துக்கொள்வாள்.

முதல் போட்டியில் எங்களுக்கு மூன்றாம் பரிசு. நடுவராக வந்திருந்த பெரியவர் ஒலிவாங்கியைப் பிடித்து, பெண்கள் நன்றாகப் பாடினார்கள், ஆனால் ஓரத்தில் நின்ற பெண்ணுக்குச் சுருதி சேரவில்லை, கடைசிவரை கீழேயே பாடிக்கொண்டிருந்தாள், அதற்காக மதிப்பெண் குறைத்தேன் என்று சபையறியச் சொன்னார். சபை கைதட்டியது. எனக்கு அவமானமாக இருந்தது, அவள்மேல் கோபம்கூட வந்தது. பேருந்தில் திரும்பும்போது அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "பாவம் லா அந்த அங்கிள். அவருக்கு ரெண்டு காது இருந்தும் ஒரு பாட்டுதான் கேக்குது," என்றாள். அந்தச் சிரிப்புக்கு அடியில் எவ்வளவு இருந்தது என்று நான் கேட்டதில்லை.

பிறகு நாங்கள் பெயர் எடுத்தோம். மூன்று பெண்கள் ஒரே மாதிரி உடுத்திக்கொண்டு மேடையேறுவது அப்போது நம் ஆட்களிடையே புதிது. ஒரு சிடி வந்தது, வானொலியில் நாலைந்து மாதம் ஓடியது. கல்யாண டின்னர், கம்பெனி ஆண்டு விருந்து, பங்சாரில் உணவகத் திறப்பு விழா என்று கூப்பிட்டார்கள். ஜனங்கள் மேடைக்குப் பின்னால் வந்து என்னோடு படம் எடுத்துக்கொள்வார்கள், ஆடுகிறவளோடு எடுத்துக்கொள்வார்கள். அவளிடம் கேமராவைக் கொடுத்து எடுக்கச் சொன்னவர்களும் உண்டு. "அந்த இன்னொரு பொண்ணு" என்றுதான் அவளுக்கு ஊரில் பெயர். அவள் வாங்கி, பொறுமையாக, தலை வெட்டாமல் எடுத்துக் கொடுப்பாள்.

நான் எதையும் சொல்லித் திருத்தவில்லை. இந்தக் கதையில் நான் செய்யாமல் விட்டவைதான் அதிகம்.

எங்களுக்குப் பின்னால் வாத்தியக்காரர்களை வைத்துக்கொள்ள வசதியில்லை. அந்நாளில் எல்லாரும் செய்வதுபோல நாங்களும் மைனஸ் ஒன் வைத்துத்தான் பாடுவோம். மைனஸ் ஒன் என்றால் பாடகரின் குரலை எடுத்துவிட்டு இசையை மட்டும் விட்டுவைத்த சிடி. கிள்ளானில் ஒரு கடைவீட்டு மேல்மாடியில் இருந்த ஸ்டூடியோவில் அதைச் செய்துகொண்டோம். ஸ்டூடியோக்காரர் கெட்டிக்காரர். மேடையில் மூன்று பேரும் ஆடிக்கொண்டே பாடினால் மூச்சு வாங்கும், பாட்டு இளைத்துப் போகும் என்று ஒரு யோசனை சொன்னார். என் குரலையும் ஆடுகிறவள் குரலையும் எடுத்துவிட்டு, மெட்டுக்குக் கீழே அவள் பாடிய செகண்ட் வாய்ஸை உள்ளேயே விட்டுவைத்தார். அதன் பிறகு மேடையில் அவள் தன் குரலோடு சேர்ந்து தானே பாடினாள். அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது.

அவளுக்குக் கல்யாணமானது, பெண் பிறந்தது. பிள்ளைக்கு இரண்டு வயதாகும்போது அவள் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. தைராய்டு. அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். குரல் நரம்பு பாதிக்கப்படலாம் என்று முன்கூட்டியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். பாதிக்கப்பட்டது. ஆறு மாதத்தில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார்கள். நான் பார்க்கப் போனபோது அவள் படுக்கையில் சாய்ந்துகொண்டு என்னவோ சொன்னாள். கதவு இடுக்கில் காற்று வருவதுபோல் ஒரு சத்தம்தான் வந்தது. நான் குனிந்து, மறுபடி சொல்லச் சொன்னேன். குழந்தைக்குப் பால் கொடுத்தார்களா என்று கேட்டிருக்கிறாள்.

அப்போது நாங்கள் வரிசையாகக் கல்யாண டின்னர்களை ஒப்புக்கொண்டிருந்தோம். ரத்து செய்யலாம் என்று ஆடுகிறவள் சொன்னாள். நான்தான் வேண்டாம் என்றேன். மேடையில் ஏறாமல் ஒரு மாதம் இருந்தால் ஊர் மறந்துவிடும் என்ற பயம் எனக்கு. ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிவந்தேன். அழகாக இருப்பாள், உயரமும் பொருந்தியது, அந்த உடுப்பும் பொருந்தியது. செகண்ட் வாய்ஸ் என்றால் அவளுக்கு என்னவென்றே தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. மைனஸ் ஒன்னில்தான் என் தோழியின் குரல் இருக்கிறதே. புதியவள் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு வாயை அசைத்தால் போதும். முதல் நிகழ்ச்சியில் நான் பயந்துகொண்டே நின்றேன். ஒருவருக்கும் தெரியவில்லை. பெண் வீட்டார் வந்து, குரல்கள் எவ்வளவு இணைந்து வருகின்றன என்று புகழ்ந்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம் பழம் வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். ஷோ எப்படிப் போனது என்று கேட்டாள். நன்றாகப் போனது என்றேன். பிறகு, "என் பார்ட்ட யாரு பாடுனா?" என்று கேட்டாள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு பிடித்துப் பிடித்துக் கேட்டாள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். உன் குரலைத்தான் வைத்து ஓட்டுகிறோம் என்று சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள், ஒருவேளை சந்தோஷம்கூடப் பட்டிருப்பாள். ஆனால் கேட்காமல் எடுத்துக்கொண்டோமே என்ற குறுகுறுப்பு எனக்கு. அதனால், அந்தப் பகுதியை எடுத்துவிட்டோம், நான் மட்டும் தனியாகப் பாடினேன் என்றேன்.

"அப்ப பாட்டு வெறிச்சோன்னு இருந்திருக்குமே," என்றாள்.

"அதெல்லாம் யாருக்குத் தெரியுது? யாரும் கவனிக்கல," என்றேன்.

பேச்சைப் பூசி மெழுகத்தான் அதைச் சொன்னேன். சொன்ன பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தலையணை உறையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "சரி லா," என்றாள். அதற்குப் பிறகு அவள் நிகழ்ச்சிகளைப் பற்றிக் கேட்கவே இல்லை. எட்டு வயதிலிருந்து பாடியதெல்லாம் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று ஒருத்தியிடம் அவள் குரல் போன மாதத்தில் சொல்லிவிட்டு, பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தவள் நான்.

ஆறு மாதம் ஆனது, குரல் திரும்பவில்லை. ஒரு வருடம் ஆனது. புதிய பெண் நிரந்தரமானாள்.

இரண்டு வருடம் கழித்து கிள்ளானில் ஒரு கல்யாண டின்னர். மாப்பிள்ளை அவள் கணவருக்கு ஏதோ தூரத்துச் சொந்தம் என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது பாட்டின் நடுவில், மேடைக்கு இடதுபுறம் மூன்றாவது மேசையில் அவளைப் பார்த்தேன். மடியில் மகள், ரோஸ் நிற கவுனில். அவள் சாப்பிடவில்லை, பேசவில்லை, தலையைச் சற்றே சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு விரல் காதை அடைத்திருந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டவள் ஓடலாம், நான் பாடவேண்டியிருந்தது. மிச்சப் பாட்டை எப்படிப் பாடி முடித்தேன் என்று இன்றும் எனக்கு ஞாபகமில்லை. பக்கத்தில் அந்தப் பெண் அழகாக வாயசைத்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்து நாங்கள் மேடையின் பின்பக்கம் இறங்கியபோது அவள் அங்கே நின்றிருந்தாள். சத்தம் போடுவாள், அழுவாள், குறைந்தபட்சம் ஏன் என்று கேட்பாள் என்று நினைத்தேன். அவள் என் காதருகே வந்தாள், அந்த இரைச்சலில் அவள் பேச்சு வேறு எப்படிக் கேட்கும்.

"ரெண்டாவது சரணத்துக்கு முன்னால நான் மூச்சு எடுக்குற சத்தம் கேக்குது. அத கட் பண்ணச் சொல்லு," என்றாள்.

அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டாள். நான் வாய் திறக்கவில்லை. மேடையில் இரண்டு மணி நேரம் விடாமல் திறக்கிற வாய். இதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. மறுவாரமே ஸ்டூடியோவுக்குப் போய் அந்த மூச்சை வெட்டச் சொன்னேன், அவரும் வெட்டிக் கொடுத்தார். இன்றைக்கு அந்த ஒரு மூச்சைக் கேட்க நான் எவ்வளவு தூரமும் போவேன்.

நாங்கள் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாகியிருக்கலாம். தீபாவளிக்கு அவள் வருவாள், முறுக்கை ருசி பார்த்துவிட்டு உப்பு அதிகம் என்பாள். கிறிஸ்மஸுக்கு நான் போவேன், கேக் நிறையத் தின்றுவிட்டு வருவேன். குழு கலைந்து எல்லாம் முடிந்த பிறகும் இது நடந்தது. அவள் போர்ட் கிள்ளானில் ஒரு சரக்கு ஏற்றுமதி நிறுவனத்தில் ஆவணம் தட்டச்சு செய்யும் வேலைக்குப் போனாள். தொலைபேசி எடுக்க வேண்டாத வேலை என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தாள். வீட்டுத் தொலைபேசியில் அவள் ஹலோ சொன்னால் மறுமுனையில் இருப்பவர்கள் ஆண் என்று நினைத்து "பாஸ்" என்பார்களாம். அதைச் சொல்லிச் சிரிப்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பிடித்துக்கொண்டு வாயை மூடி நிற்பாள் என்று அவள் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இருபது வருடம் அப்படியே போயிற்று. வேலை முடிந்து போர்ட் கிள்ளான் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸ் வரும்போது உயிர் இல்லை. உதவிக்குக் கூப்பிட்டிருப்பாளா, கூப்பிட்டிருந்தால் யாருக்குக் கேட்டிருக்கும் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் நான் எழுந்துபோய் ஏதாவது பாத்திரத்தைக் கழுவுகிறேன்.

இப்படி ஒருத்திக்கு, அவள் செத்த பிறகு, என் குரலைக் கொடுத்து அவள் குரல் என்று சொல்லியிருக்கிறேன். முதலில் அவள் குரலை இன்னொருத்தி வாயில் வைத்தேன், இப்போது என் குரலை அவள் வாயில் வைக்கிறேன். மகள் போன பிறகு நான்கைந்து நாள் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பிள்ளைக்கு ஆறுதலாக இருந்தால் போதாதா, அதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றெல்லாம். பிறகு அந்த ஹாலை நினைத்துப் பார்த்தேன். அவள் படம் திரையில் ஓடும், என் குரல் ஒலிக்கும், ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பாராட்டுவார்கள். அவள் பாடியது அதே பாட்டில் கீழே ஓடிக்கொண்டிருக்கும், அதை அன்றும் யாரும் கேட்க மாட்டார்கள். அதை நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அலமாரியைக் குடைந்து மைனஸ் ஒன் சிடியைத் தேடினேன். பழைய அழைப்பிதழ்களுக்கு நடுவில் இருந்தது. அந்தச் சிடியில் என் குரல் இல்லை, ஆடுகிறவள் குரலும் இல்லை. அப்படியென்றால் பாடுகிற குரல் என்று அதில் இருப்பது அவளுடையது ஒன்றுதான். நான் அவளுக்குத் துரோகம் செய்யப் பயன்படுத்தின பொருளில்தான் அவள் தனியாக இருந்தாள்.

சிடி போட இப்போது யார் வீட்டில் கருவி இருக்கிறது? என் பழைய காரில்தான் இருந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் மகளைச் சர்ச் வளாகத்தில், மரத்தடியில் நிறுத்தியிருந்த காரில் ஏற்றி உட்காரவைத்தேன். ஒன்றும் சொல்லாமல் சிடியைப் போட்டேன். கிடார் வந்தது, மேளம் வந்தது, நான் பாடவேண்டிய முதல் இரண்டு வரி காலியாகப் போயிற்று. "ஆன்டி, பாட்டு எங்க?" என்றாள். மூன்றாவது வரியில் அவள் அம்மா உள்ளே வந்தாள். தாழ்வாக, நிதானமாக, யாரையும் முந்தாமல், ஒரு குரல். நடுநடுவே நிற்கும், மறுபடி வரும். தனியாகக் கேட்டால் அது முழுப் பாட்டும் அல்ல. ஆனால் அப்படி ஒரு சுத்தமான குரலை நான் பக்கத்தில் வைத்துக்கொண்டு எட்டு வருடம் என் குரலை மட்டுமே கேட்டிருக்கிறேன்.

"இதுதான் உங்க மம்மி. நீ வச்சிருக்கிறது என் குரல்மா. அன்னைக்கு நான் பொய் சொன்னேன்," என்றேன்.

பாட்டு முடிந்ததும் அவள் தானே பொத்தானை அழுத்தி முதலிலிருந்து ஓடவிட்டாள். அது ஓடும்போதே நான் எல்லாவற்றையும் சொன்னேன். மைனஸ் ஒன்னை ஏன் அப்படிச் செய்தோம், ஆபரேஷனுக்குப் பிறகு யாரை நிறுத்தினேன், அவள் அம்மா கேட்டபோது என்ன சொன்னேன், கிள்ளான் டின்னரில் எப்படிப் பிடிபட்டேன், எல்லாம். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்று இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ரோஸ் கவுன் போட்டிருந்தேனே, அந்த டின்னரா ஆன்டி?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"அன்னைக்கு மம்மி என் காதுல, 'கேளு, அம்மாதான் பாடுறேன்'னு சொன்னாங்க. நான் ஸ்டேஜ பார்த்தேன். அந்த அக்கா மைக் புடிச்சிருந்தாங்க. 'பொய் சொல்றீங்க, அந்த அக்காதான் பாடுறாங்க. உங்களுக்குத்தான் பாட வராதே'ன்னு சொன்னேன். சத்தமா சொன்னேன் ஆன்டி. மேசையில எல்லாரும் சிரிச்சாங்க. மம்மியும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் சொல்லவே இல்ல."

அவளுக்கு அப்போது நான்கு வயது. உன் தப்பு இல்லை என்று சொன்னேன், திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், ஆனால் அவளுக்குள் அது இறங்கவில்லை என்று தெரிந்தது. அவள் அம்மாவை ஊர் கவனிக்காமல் போனதற்கு நான் காரணம், சரி. பெற்ற பிள்ளையே அவளை நம்பாமல் போனதற்கும் நான்தான் காரணம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அவள் அம்மா மேடைக்குப் பின்னால் வந்து என்னிடம் அந்த மூச்சைப் பற்றிச் சொன்னது, மகளிடம் அதைச் சொல்லித் தோற்றுவிட்டு வந்த கையோடு. இரண்டு பேரும் காரிலேயே உட்கார்ந்து அழுதோம். பாட்டு மூன்றாவது தடவையாக ஓடிக்கொண்டிருந்தது.

நாற்பதாம் நாள் ஹாலில் நல்ல கூட்டம். நெய்ச்சோறு, டால்சா, அச்சார் என்று சாப்பாடு ஆரம்பித்திருந்தது. மகள் திரையில் படங்களை ஓடவிட்டாள், அன்று என் காரிலிருந்து எடுத்துப்போன மைனஸ் ஒன்னைப் போட்டாள். என்னிடம் முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை. முதல் இரண்டு வரி காலியாகப் போனது. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து, பாட்டு வரவில்லை, மியூசிக் மட்டும்தான் வருகிறது, வயரைச் சரியாகச் சொருகிப் பார் என்றார். இன்னொரு அம்மா என்னைக் கைகாட்டினார். அதுதான் ஆன்டி இருக்கிறார்களே, அவர்களையே பாடச் சொல்லலாமே என்றார். யாரோ ஒலிவாங்கியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

ஹாலே என்னைப் பார்த்தது. நான் பாடவேண்டிய இடம் பாட்டில் அப்படியே காலியாக இருந்தது, வரிகள் எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. உள்ளதைச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் எனக்குப் பாட ஆசையாகத்தான் இருந்தது. எழுந்துபோய் ஒலிவாங்கியை அவள் மகள் கையில் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"அங்கிள், பாட்டு வருது. கொஞ்சம் கீழ கேளுங்க. எங்க மம்மி பாடுறாங்க," என்றாள் அவள்.

தட்டுகளின் சத்தம் மெல்ல அடங்கியது. எல்லாருக்கும் கேட்டதா என்று எனக்குத் தெரியாது. சிலர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள், சிலர் புரியாமல் மரியாதைக்கு அமைதியாக இருந்தார்கள். அந்தப் பாட்டு முடிய நான்கு நிமிடம். நான்கு நிமிடமும் நான் வாயை மூடிக்கொண்டு அவள் பாடுவதைக் கேட்டேன். அவள் உயிரோடு இருந்தபோது ஒரே ஒரு தடவை அப்படி உட்கார்ந்திருக்கலாம்.